ஓர்வல் வைத்த பொறிகள்

வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தபோதே ஓர்வல் மாரடைப்பில் சாய்ந்தான். நல்ல மனுஷன். நாற்பது வருடமும் விடிந்ததும் மனைவி ரோவீனாவின் காரைச் சூடாக்கி வைத்துவிட்டுத்தான் காப்பி குடித்தவன். அப்படிப்பட்டவன் போனால் பெண்டாட்டி ஆற அமர அழ வேண்டாமா? அதற்குக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயத்தில் சாப்பாடு. ரோவீனா தட்டை வைத்துவிட்டு நேரே கிளெட்டிடம் போனாள். கிளெட்டும் ஓர்வலும் அமெரிக்காவின் மொன்டானா மலைக்காட்டில் ரோமத்துக்காக மிருகங்களுக்குப் பொறி வைக்கிறவர்கள். முப்பது வருடச் சிநேகிதம்.

“அவரு வச்ச பொறியெல்லாம் யாரு எடுக்கிறது?”

“எங்க வச்சான்னு யாருக்குத் தெரியும்? ஒருத்தன் பொறி வைக்கிற தடத்த இன்னொருத்தன் கேக்க மாட்டோம். ஒங்கிட்ட சொல்லலையா?”

“மீன் புடிக்கிற எடத்தையே எங்கிட்ட சொல்லாத மனுஷன்.”

வன அலுவலகத்துக்குப் போன் போட்டாள். “அடுத்தவங்க பேர்ல இருக்குற பொறியத் தொடறது குத்தம்மா” என்றான் ஒருவன். அடுத்தவனாம்! கட்டின புருஷன்.

பொறி காலைத்தான் கவ்வும்; மாட்டிய பிராணி, வைத்தவன் வரும்வரை உயிரோடு கிடக்கும். இனி ஓர்வல் வரமாட்டான். அதை நினைத்தாலே ரோவீனாவுக்குச் சோறு இறங்கவில்லை. காடு ஊருக்கெல்லாம் பொது, பொறி வைத்த இடம் மட்டும் ஒருத்தனுக்கு ரகசியம். என்ன நியாயமோ இது! குற்றமானால் ஆகட்டும் என்று முழங்கால் பனியில் ஓடை ஓடையாகத் தேடினாள். எட்டு அகப்பட்டன. இரண்டில் நரி விறைத்துக் கிடந்தது.

ஒன்பதாவதில் காட்டுப்பூனை, உயிரோடு. பொறியின் சங்கிலி எட்டும் மட்டும் பனியை வட்டமாக மிதித்துச் சேறாக்கியிருந்தது. முன்காலில் எலும்பு தெரிந்தது. அவளைக் கண்டு சீறக்கூடத் தெம்பில்லை, பார்த்துக்கொண்டே கிடந்தது. இனிப் பிழைக்காது என்று தெரிந்து, ஓர்வலின் துப்பாக்கியால் அவளே சுட்டாள். சங்கிலியில் செப்புத் தகடு இருந்தது. அதில் ஓர்வலின் பெயர், கீழே அவள் குடியிருக்கும் வீட்டு விலாசம்.

“ஏன்யா இப்படிப் பண்ணின?” என்று பனியிலேயே உட்கார்ந்து கதறினாள்.

பொது வனத்தில் பொறி வைப்பதைத் தடை செய்யலாமா என்று பிறகு ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்று நடந்தது. பேச ஆளுக்கு இரண்டு நிமிடம். ரோவீனா மைக் முன்னால் நின்றாள்.

“எம் புருஷன் நல்லவருதான். அதான் பயமா இருக்கு. அவரு செத்த பிறகும் அவரு பொறி வேலை செஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஒம்பதையும் நான் எடுத்துட்டேன். இனிமே யாரும் வைக்க வேணாம்.”

“செத்தவன் மானத்த வாங்குறா” என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் வந்து உட்கார்ந்ததும் கிளெட் பக்கத்து நாற்காலிக்கு மாறினான். திட்டத்தான் வருகிறான் என்று நினைத்தாள். ஆனால் அவன் முகம் வெளுத்திருந்தது.

“ஒம்பதுன்னா சொன்ன?”

“ஆமா. காட்டையே அலசிட்டேன்.”

“ரோவீனா... இந்த வருஷம் பொறிக்கு ஒண்ணா இருபத்துநாலு தகடு அடிச்சுக் குடுத்தவன் நான்தான். எல்லாத்தையும் வச்சு முடிச்சுட்டேன்னு சொன்னான்.”

மேடையில் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள். ரோவீனா கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தாள். ஓர்வல் செத்து அன்றோடு முப்பத்திரண்டு நாள்.