கேட்காமல் நடந்த தூரம்

ஊருக்கு ஊர் நடந்தே போய்ப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த புதிதில், சுற்றியிருக்கும் ஊர்களைக் காலால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அப்பா தொடங்கிவைத்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, விடிந்ததும் புறப்பாடு. விதிகள் இரண்டு. “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று வாய்விட்டுக் கேட்டவர் தோற்றவர், அடுத்த பஸ்ஸில் ஏறிவிட வேண்டும். அவருக்குத் துணையாக இன்னொருவர் ஏறலாம். துணைக்குப் போவது தோல்வியில் சேராது. இரண்டையும் என் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிவைத்திருந்தேன்.

எனக்குப் பத்து வயதானபோது செம்பரம்பாக்கம் ஏரிக்கு நடந்தோம்: அப்பா, அத்தையின் கணவரான மாமா, நான். முந்தைய மாதம் அம்பத்தூர் போகும் வழியில் தோற்றிருந்த அண்ணன், “நீ கரையான்சாவடியிலயே கேட்டுடுவே பாரு” என்று வழியனுப்பினான். கேட்காமல் ஏரிக்கரை ஏறிவிட வேண்டும். அதைவிடப் பெரிய காரியம் அன்று எனக்கு வேறில்லை.

பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம், கரையான்சாவடி. ஒவ்வொரு ஊருக்கும் வந்துசேர்ந்த நேரத்தை அப்பாவின் கைக்கடிகாரம் பார்த்துக் குறித்தேன். பூந்தமல்லியில் இட்லி தின்றுவிட்டு எழுந்தபோது இடது குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. நான் மூச்சுவிடவில்லை. முன்னால் போன அப்பாவுக்குத் தெரியாது. பின்னால் வந்த மாமா மட்டும், “இன்னா பாப்பா, காலை இழுத்துகினு வர்றே?” என்றார்.

“செருப்புல மண்ணு மாமா.”

நசரத்பேட்டையில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் மாமா திடீரென்று, “அண்ணாத்தே, ஏரிக்கு இன்னும் எவ்ளோ தூரம் கீது?” என்று உரக்கக் கேட்டார். மாமா பூந்தமல்லியில் பிறந்தவர். அந்த ஏரியில்தான் நீச்சல் பழகியவர். பாவம், வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன்.

“தோத்துட்டேன் பாப்பா. துணைக்கு நீ வா.”

“துணைக்கு வரலாம்னுதான் விதி மாமா. வரணும்னு இல்ல.”

அப்பா சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. பஸ் வந்ததும் தனியாக ஏறிப் போனார். ‘நசரத்பேட்டை, 9.40, மாமா தோல்வி’ என்று எழுதிக்கொண்டு நடந்தேன்.

கரைமேல் ஏறியபோது அவ்வளவு தண்ணீரும் நானே நடந்து சம்பாதித்தது போல இருந்தது. தலை நிமிர்ந்து நின்றேன். கொஞ்ச தூரத்தில் மாமா, எங்கோ வாங்கிய பஞ்சும் ஆயின்மென்ட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பஸ்ல போயும் எப்படி மாமா அடிபட்டுச்சு?” என்று கேட்டேன். உண்மையான அக்கறையோடுதான்.