காய்ச்சல் விட்ட நாள்

முதலில் வந்தது கண்களுக்குப் பின்னால் ஒரு வலி. குருநகரில் கடற்றொழில் செய்யும் என் கணவர் யூட், கிழிசல் பொத்திக்கொண்டிருந்த வலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து படுத்தார். மாலையில் காய்ச்சல் நூற்று மூன்று.

அதை அளந்தது, கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய, காதில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி. விண்மீன்களின் வெப்பத்தைத் தொலைவிலிருந்தே அளக்க விண்வெளி ஆராய்ச்சியில் கையாண்ட முறையில் அது இயங்குகிறது என்று கூடவந்த தாளில் எழுதியிருந்தது. அழுத்தினால் ஒரு நொடியில் எண் தெரியும். அந்த வேகம் என்னை இருக்கவிடவில்லை. கால் மணிக்கொரு தடவை அளந்தேன். சோறு வடிப்பதைப் பாதியில் விட்டு ஓடிவந்தும் அளந்தேன்.

“உந்தக் கருவியை அங்காலை வையப்பா. காது நோகுது,” என்றார்.

பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. நிறையக் குடிக்கக் கொடுக்கும்படியும், தினமும் இரத்தம் சோதிக்கும்படியும் மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

நான்காம் நாள் காலை எண் தொண்ணூற்றெட்டு. மூன்று தடவை அளந்தேன். அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, “காய்ச்சல் விட்டிட்டுது” என்று அழுதேன். அன்று இரத்தம் சோதிக்க அவரைக் கூட்டிப்போகவில்லை.

மதியம் அவர் புரண்டுகொண்டே இருந்தார். வயிறு நோகுது என்றார். இரண்டு தடவை சத்தி (வாந்தி) எடுத்தார். கையைப் பிடித்தேன், சில்லிட்டிருந்தது. வெப்பமானி அப்போதும் தொண்ணூற்றெட்டையே காட்டியது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

“காய்ச்சல் விட்டிட்டுது டொக்டர். நான் அளந்து பாத்தனான்.”

“எப்ப விட்டது?”

“விடிய.”

“டெங்குவிலை அதுக்குப் பிறகுதான் அம்மா ஆபத்து. ரத்தக் குழாயிலையிருந்து நீர் கசியத் தொடங்கும். இப்பவாவது கொண்டு வந்தியள்.”

பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் நுண்தட்டுகள்) மிகவும் குறைந்திருந்தது. இரண்டு நாள் சேலைன் (நாளம் வழியே ஏற்றும் உப்புநீர்) ஏறியது. உள்ளே போவதையும் சிறுநீராக வெளியேறுவதையும் மணிக்கு மணி அளந்து குறித்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. நடைபாதையில் நடந்துகொண்டே இருந்தேன். தவறவிட்ட அந்த ஒரு பரிசோதனையே மனதை அரித்தது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், “பசிக்குதப்பா,” என்றார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் டெங்குவில் படுத்திருந்தால், காய்ச்சல் இறங்கிய நாளில் கூடுதல் கவனமாக இருங்கள். கருவி சரியாகத்தான் அளந்தது. காய்ச்சலைத் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை.

வீடு திரும்பி மூன்று வாரமாகிறது. வீட்டிலிருந்து கரைக்கு முன்பு ஐந்து நிமிடம். இப்போது தேவாலய மதிலடியில் ஒரு தடவை, மீன்வாடியடியில் ஒரு தடவை உட்கார்ந்துதான் போகிறார்.

“நீ போ. நான் ஆறுதலா, மெல்ல மெல்ல வாறன்,” என்கிறார்.

நான் போவதில்லை. அவருக்கு மூச்சு ஆறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.