வேரில் சிவப்பு

சாகிற வரைக்கும் சாயப்பட்டறை வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லித் திரிந்தவர் என் வீட்டுக்காரர். பட்டறை வேறு யாருடையதும் அல்ல, என் கூடப்பிறந்த அண்ணனுடையது. ஆகவே அந்தச் சபதத்தை உட்கார்ந்து கேட்கிற பாக்கியம் எனக்குத்தான். கோபம் நியாயமான கோபம். முதலிபாளையத்தைத் தாண்டி, நாங்கள் வெள்ளாமை செய்கிற காட்டை ஒட்டி ஒரு பள்ளம் போகிறது. மழை பெய்தால் மட்டும் தண்ணீர் போகிற ஓடை அது. இரண்டாயிரத்துக்குப் பிறகு அதில் வருசம் முழுக்கச் சாயத் தண்ணீர் போனது, சிவப்பாக, ஊதாவாக, கறுப்பாக. அது நிலத்தில் இறங்கி எங்கள் கிணற்றுக்கு வந்தது. பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கும். வாயில் வைக்க முடியாது, அப்படிக் கரிக்கும். முதலில் வாழை போனது, பிறகு மஞ்சள், பிறகு எதை வைத்தாலும் போனது.

அண்ணனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவனும் ஏர் பிடித்தவன்தான். ஒரு சித்திரை மாதம் வந்து, வாசலில் கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச்சை ஆரம்பித்தான்.

“ஏனுங்க மாப்ள, இன்னும் எத்தன வருசம் இந்த மண்ணோட மல்லுக்கட்டுவீங்க? பேசாம நம்ம பட்டறைக்கு வந்துருங்க. உப்பு, கெமிக்கலு, தண்ணி எல்லாம் பாத்துக்கறதுக்கு நம்பிக்கையான ஆளு வேணுமுங்க.”

என் வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. ஆனால் அப்போது நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்த்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அது அவருக்கும் தெரியும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

“ஒரே ஒரு வெள்ளாமை மச்சான். ஆடியில கடலக்கா போடறேன். வந்துதுன்னா என்னைய உட்டுருங்க. வரலீன்னா நானே வர்றேன், நீங்க கூப்பிட வேண்டாம்.”

அன்றிலிருந்து மனுசனுக்கு நிலக்கடலைப் பைத்தியம் பிடித்தது. வேளாண்மை ஆபீசில் ஒரு சின்னப் பெண் அதிகாரியாக இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அவளைப் போய் நச்சரித்து, ஒருநாள் எங்கள் காட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். வரப்பில் நின்றுகொண்டு அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“கடலை தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே தேடிக்கிடும் அண்ணாச்சி. வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கும்லா, அதுக்குள்ள ஒரு கிருமி குடியிருக்கு. காத்துல இருக்க சத்தைப் பிடிச்சுச் செடிக்குக் குடுக்கும். ஆனா அதுக்கு இரும்பு வேணும், சுண்ணாம்பு வேணும், சாம்பல் சத்து வேணும், மாலிப்டினம்னு ஒண்ணு துளியூண்டு வேணும். எல்லாம் அளவா இருக்கணும். ஒண்ணு கூடிப் போச்சுன்னா இன்னொண்ணு உள்ள போகாது. முடிச்சை நகத்தால கிள்ளிப் பாருங்க. உள்ள சிவப்பா இருந்தா வேலை நடக்கு. வெள்ளையா இருந்தா சோலி முடிஞ்சு.”

உங்கள் மண்ணிலேயே கொஞ்சம் போட்டுச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, கிருமி கலந்த பொடிப் பாக்கெட்டையும் கொடுத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான், மாடு தண்ணீர் குடித்த, அடியில் ஓட்டை விழுந்த பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று கொல்லைப்புறம் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. காட்டு மண்ணை வெட்டி வந்து நிரப்பினார். சோற்றுக் கஞ்சியை ஆறவைத்து, அதில் பொடியைக் கரைத்து, விதைக் கடலையைப் புரட்டி, நிழலில் உலர்த்தினார். இரும்புச்சத்துக்கு அன்னபேதி வந்தது, சுண்ணாம்புச்சத்துக்கு ஜிப்சம் வந்தது. நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது ஒரு டம்ளர் கசாயம் வைத்துத் தராத மனுசன், கடலைச் செடிக்குச் செய்த உபசாரம் இருக்கிறதே, அடடா! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் நான் கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மிணி, இங்க வா, ஓடியா!”

கையில் ஒரு செடி, வேரோடு. வேர் முழுக்க மணி மணியாக முடிச்சுகள். ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் பிளந்து காட்டினார். உள்ளே கோழி ஈரல் நிறத்தில் சிவப்பு. இன்னொன்றைப் பிளந்தார், அதுவும் சிவப்பு. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? மண் சாகவில்லை என்றுதானே அர்த்தம்! கிருமியும் சத்தும் சரியாகக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று இரண்டு பேரும் நம்பினோம். அண்ணன் வந்தபோது அவனுக்கும் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார்.

“இதுல என்னத்தைக் கண்டீங்க மாப்ள, கொசு கடிச்ச தடிப்பாட்டம் இருக்குது,” என்று சிரித்தான் அண்ணன். “சரிங்க, வந்தாச் சந்தோசம்.”

ஆடியில் ஒரு மழை கிடைத்தது. காடு முழுக்க விதைத்தோம். அத்தோடு மழை போனதுதான், திரும்பிப் பார்க்கவில்லை. மோட்டாரைப் போட்டுக் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சினார். முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. பிறகு இலையின் ஓரம் தீய்ந்தது, பயிர் மஞ்சளடித்தது. இரும்புச்சத்து குறைச்சல் என்று அன்னபேதி அடித்தார். இன்னும் மஞ்சளானது. ஜிப்சம் போட்டார். ஆனால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்க மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை. நான்தான் பொறுக்காமல், “புடுங்கிப் பாருங்க, என்னதான்னு தெரிஞ்சுறட்டும்,” என்றேன்.

பிடுங்கினார். வேரில் கடுகளவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடிச்சு இருந்தது. கிள்ளினார். வெள்ளை. அடுத்த செடியைப் பிடுங்கினார். வெள்ளை. அப்படியே சால் வரிசை முழுக்கப் பிடுங்கிக்கொண்டே போனார். “போதுமுங்க, உடுங்க,” என்று நான் கையைப் பிடித்த பிறகுதான் நின்றார்.

அந்தப் பெண்ணை மறுபடியும் அழைத்து வந்தோம். காட்டைச் சுற்றிப் பார்த்தாள். கொல்லைப்புறம் வந்து தொட்டியைப் பார்த்தாள். மிச்சம் விட்டிருந்த செடிகள் அங்கே கருகருவென்று நின்றன. அதே விதை, அதே மண், அதே மருந்து. அவள் கேட்டாள்.

“அண்ணாச்சி, தொட்டிக்கு என்ன தண்ணி ஊத்துனீங்க?”

எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இரண்டு தண்ணீர். குழாயில் எப்போதாவது வருகிற ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும். கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீர், குளிக்கவும் துணி துவைக்கவும். ஆனால் வீட்டை ஒட்டிப் பச்சையாக எது நின்றாலும், கறிவேப்பிலையோ துளசியோ மல்லிகையோ, அதற்கு அரிசி களைந்த நல்ல தண்ணீரைத்தான் ஊற்றுவோம். உப்புத் தண்ணீர் ஊற்றினால் கருகிவிடும் என்று கைக்கே தெரியும், யோசிக்க வேண்டியதில்லை. கறிவேப்பிலைக்கு ஊற்றிய கையோடு அவர் தொட்டிக்கும் ஊற்றியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

“நல்ல தண்ணிதானுங்க,” என்றார்.

“அது மண்ணுல இருந்த உப்பை ஓட்டை வழியா இறக்கிட்டுல்லா,” என்றாள் அவள் மெதுவாக. “காட்டுல அப்படி இல்லைல்லா. இரும்பு இருக்கு, சுண்ணாம்பு இருக்கு, நீங்க எல்லாமே போட்டிருக்கீங்க. ஆனா உப்பு முந்திக்கிட்டு வேருக்குள்ள போயிருது. மத்தது எதையும் உள்ள விட மாட்டேங்கு. கிருமி எப்படிப் பிழைக்கும்?”

“நல்ல தண்ணி பாய்ச்சினா வருமுங்களா?”

“வரும்,” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு குடத்துக்குக் குழாயடியில் மயிரைப் பிடித்துச் சண்டை போடுகிற ஊரில், காட்டுக்கு நல்ல தண்ணீர் பாய்ச்சுவதாம்! என்ன தண்ணீர் என்று முன்னாலேயே கேட்டிருந்தால் என்ன என்று நான் அவளிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சொன்ன சொல் தவறாத மனுசன். அண்ணன் கூப்பிடவில்லை, இவரே ஒரு வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மாப்பிள்ளை என்பதால் மரியாதையான வேலைதான். சாயம் துணியில் ஏறுவதற்கு மூட்டை மூட்டையாக உப்புக் கரைக்க வேண்டும். அதை நிறுத்துக் கொடுப்பது, சாயம் போட்டு மிஞ்சுகிற கழிவுத் தண்ணீர் டேங்கைப் பார்த்துக்கொள்வது. முதல் சில நாட்கள் வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளிக்கப் போய்விடுவார்.

பிறகு ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“டேங்கு நெம்பிப் போச்சு அம்மிணி. வால்வத் தொறந்து உடச் சொன்னாங்க.”

“யாரு தொறந்தது?”

“நாந்தான்.”

எந்தப் பக்கம் போனது என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

“நம்ம காட்டுப் பக்கந்தான் போச்சு. போறத நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்.”

சோற்றைப் போட்டேன். தின்றார்.