அண்ணன் காருக்கு நான் வாங்கிய ஃபேன்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவர் தம்பியின் வணக்கம். நம் குடும்பத்தில் மலர் போடும்போது போனவரின் நல்ல குணங்களை எழுதி, உதவியவர்களுக்கு நன்றி சொல்லி முடிப்பது வழக்கம். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒரு விஷயத்தைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றி எதை எழுதினாலும் எனக்குப் பொய்யாகவே படுகிறது.

அண்ணன் சுந்தரபாண்டியபுரத்தில் பிறந்தவர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா இறந்துவிட, படிப்பை விட்டு வயலில் இறங்கினார். பிறகு கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. தங்கைமார் இருவரையும் கட்டிக்கொடுத்தார். என்னைக் கோயம்புத்தூரில் டிப்ளமோ படிக்க வைத்தார். கடைசிவரை யாரிடமும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. தனக்கென்று ஆசைப்பட்டு அவர் செய்துகொண்ட ஒரே காரியம் அந்தக் கார்தான்.

குற்றாலத்தில் ஒரு பங்களாக் கொட்டகையில், கோழி அடைந்துகொண்டிருந்த பழைய கறுப்பு அம்பாசிடர் அது. அதை வாங்கிவந்து தான் குடியிருந்த குத்துக்கல்வலசை வீட்டில் நிறுத்தி, இரண்டு வருஷம் பாடுபட்டு ஓட வைத்தார். இதைப் படிக்கும் நம் வீட்டுப் பெண்களில் பாதிப் பேர் அந்தக் காரில் ஏறித்தான் மாமியார் வீட்டுக்குப் போனீர்கள். முன்னால் பூமாலை கட்ட மட்டும் விடமாட்டார். ரேடியேட்டருக்குக் காற்று போகாது என்று பின்னால் கட்டச் சொல்வார். இதற்காகக் கல்யாண வீடுகளில் எத்தனை பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

நெரிசலில் ஊர்ந்து போனால் அந்த வண்டி சூடாகும். அதன் ஃபேன் இஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுவது. இஞ்சின் மெதுவாக ஓடினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். அதைக் கழற்றிவிட்டு, மெதுவாகச் சுற்றினாலும் கூடுதலாகக் காற்று இழுக்கும் ஆறு றெக்கை இரும்பு ஃபேன் போடலாம் என்று அண்ணன் திருநெல்வேலியில் ஒரு கடையில் சொல்லிவைத்திருந்தார். நான் சிரித்தேன். போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் லீவில் வந்தபோது எலக்ட்ரிக் ஃபேன் ஒன்றை வாங்கிவந்தேன். இஞ்சின் எப்படி ஓடினாலும் அது தன் வேகத்தில் சுற்றும்.

"இரும்பு ஃபேன்னா எனக்குத் தெரியும்லே. இது நமக்குச் சரிப்படுமா?" என்று கேட்டார்.

"நீங்க எந்தக் காலத்துல இருக்கிய? பழைய வண்டி வச்சிருக்கவன்லாம் இப்பம் இதத்தான் போடுதான்" என்றேன்.

"சரி, நீ படிச்சவன். போடு."

அதில் குத்தல் எதுவும் இல்லை. அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். அந்த நம்பிக்கைக்கு நான் லாயக்கில்லாதவன்.

நானே மாட்டினேன், நானே வயர் கொடுத்தேன். ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கிரில்லில் ஒரு காகிதத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார் அண்ணன். ஃபேன் காற்றை உள்ளே இழுத்தால் காகிதம் ஒட்டிக்கொண்டு நிற்கும். வெளியே தள்ளினால் பறந்துவிடும். வைத்தேன். ஆணி அடித்ததுபோல் நின்றது. "பாத்தியளா?" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டார்.

கார் மேற்கு பார்த்து நின்றது. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆடிக் காற்று நேராக அதன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஃபேனே இல்லாவிட்டாலும் அந்தக் காகிதம் ஒட்டியிருக்கும். இந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்பீர்கள். பிறந்ததிலிருந்து அடிக்கிற காற்று என்பதால் அது எனக்கு நினைவிலேயே வரவில்லை. சாரலில் வண்டியைக் குற்றாலம்வரை ஓட்டிப் பார்த்தோம். சூடாகவில்லை. அதன் பிறகு அண்ணன் வாரம் ஒருமுறை விடியற்காலையில் பாவூர்சத்திரம் போய்க் காய்கறி வாங்கி வருவதோடு சரி. வெறிச்சோடிய ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஃபேன் தேவைப்படவில்லை.

போன சித்திரையில் நான் மறுபடி லீவில் வந்திருந்தேன். ஒரு நண்பகலில் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆம்புலன்சுக்குக் காத்திருக்க வேண்டாம், கார் வாசலிலேயே நிற்கிறது என்று சொன்னவன் நான். பின்சீட்டில் அவர் மனைவி, என் மதினியின் மடியில் அவரைப் படுக்கவைத்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். முகூர்த்த நாள். தென்காசிக்குள் நுழையும் இடத்தில் கல்யாண வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. வெயிலில் நின்று ஊர்ந்து, நின்று ஊர்ந்து, சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய் வண்டி அணைந்தது. பானெட்டைத் திறந்தேன். ஃபேன் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆவி முன்பக்கமாக என் முகத்தில் அடித்தது. அதன் அர்த்தம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உள்ளேயிருந்து அண்ணன் கேட்டார், "ஃபேன் சுத்துதாலே?"

"சுத்துதுண்ணே."

"அப்பம் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவர் பேசவில்லை.

தக்காளி ஏற்றிவந்த ஒரு டெம்போவில் தூக்கிக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே" என்றார் மருத்துவர். அந்தக் கொஞ்ச நேரம் எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் விசேஷத்தில் நீங்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. "அந்தத் தகரத்த வித்துத் தொலச்சிருந்தா மனுசன் இருந்திருப்பாரு." மதினியும் அண்ணன் படத்தின் முன்னால் நின்று, "பிடிவாதம் புடிச்சு ஓட்ட வண்டியக் கட்டிக்கிட்டு அழுதியளே, இப்பம் என்னய அழவுட்டுட்டியளே" என்றார்.

ஒரு மாதம் கழித்து, காற்று அசையாத ஒரு நாளில், அந்தக் காரை ஸ்டார்ட் செய்து கிரில்லில் காகிதத்தை வைத்தேன். அது பறந்து வந்து என் மார்பில் மோதியது. இப்போதைய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவைப் பாடியோடு சேர்ப்பார்கள். அந்தக் காலத்து வண்டியில் பாசிட்டிவைச் சேர்த்திருந்தார்கள். நான் அதைப் பார்க்காமல் இப்போதைய வண்டிக்குக் கொடுப்பதுபோல் வயர் கொடுத்ததால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, வண்டி நின்றபோதெல்லாம் உள்ளே வரவேண்டிய காற்றை வெளியே தள்ளியிருக்கிறது. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். படித்தவன் கேட்கவில்லை.

அவர் கேட்ட இரும்பு ஃபேனைப் போட்டிருந்தால் சூடேறினாலும் வண்டி ஆஸ்பத்திரி வாசல்வரை போயிருக்கும். அண்ணனிடம் பிடிவாதம் இல்லை. எனக்காக அவர் தன் யோசனையை விட்டுக்கொடுத்தார். பழி மட்டும் அவர் மேல் ஒரு வருஷமாகக் கிடக்கிறது. வாயைத் திறக்காமல் அதை அங்கே கிடக்கவிட்டேன். இது எனக்கு ஆறப்போவதில்லை. ஆறவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

பேர் சொல்லாமல் போன அந்த டெம்போக்காரருக்கும், நெரிசலில் இறங்கிக் கை கொடுத்த கல்யாணக்காரர்களுக்கும், ஆஸ்பத்திரியில் உடன் நின்ற சங்கத்து நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதுவரை எழுதியதை மதினியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அண்ணன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "ஒரு வருசமா நான் அவுகளையில்லா ஏசிக்கிட்டுக் கெடந்தேன்" என்றார். ஒரு எழுத்தும் மாற்றாமல் போடச் சொல்லித் தாள்களைத் திருப்பித் தந்தார். அதற்கு அவருக்கு என் நன்றி. அதன் பிறகு மதினி என்னோடு பேசவில்லை.