தைலத்திலிருந்து நேராக அமைடு

பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவி, புட்டி அடுக்கி வேலை பார்த்தேன் என்பதைத் தவிர இதை எழுத எனக்கு உரிமை கிடையாது. நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன். தப்பிருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் அறுவடைக் கூலித் தகராறு. எங்கள் ஆய்வகத்தில் தற்காலிக வேலையில் ஒரு ஆசிரியை இருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். கூலி உயரும்வரை வயலில் இறங்குவதில்லை என்று உட்கார்ந்திருந்தவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். வீட்டில் ஐந்து பேருக்கு இவர் சம்பளம்தான் சோறு. அந்த வேலை நீடிப்பது துறைத்தலைவரின் கையெழுத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு. வெளியூர்த் தேர்வாளருக்குக் காட்ட அமைடு என்ற வெள்ளைத் தூள் ஒன்று தயாராக வேண்டும். எஸ்டரை அமிலமாக்கி, அமிலத்தைக் குளோரைடாக்கி, அதற்குப் பிறகே அமோனியாவைச் சேர்ப்பது அங்கே வழக்கம். குளோரைடாக்கும் மருந்து வந்த லாரி, தகராறில் வழியிலேயே நின்றுவிட்டது.

"எஸ்டர்லேருந்து நேராவே அமைடுக்குப் போயிரலாம் சார்" என்றார் ஆசிரியை. "தஞ்சாவூர்லேருந்து பாபநாசம் போக நாகூரைச் சுத்திக்கிட்டா போவாங்க?"

துறைத்தலைவர் சிரித்தார். "தைலத்தையும் அமோனியாவையும் கலந்தா தலைவலிதாம்மா வரும். அமைடு வரலேன்னா உங்க நீட்டிப்புத் தாள்ல நான் கையெழுத்துப் போட முடியாது. பாத்துக்குங்க."

மூட்டுவலித் தைலத்தில் மணக்கிற அந்த எண்ணெய்தான் எஸ்டர். திங்கட்கிழமை காலை, அதை அடர் அமோனியாக் கரைசலோடு புட்டியில் ஊற்றி, இறுக அடைத்து, நன்றாகக் குலுக்கி என்னிடம் கொடுத்தார். "பத்திரமா வைங்கண்ணே. தானா நடக்கும்."

எப்படியாவது நடக்க வேண்டுமே என்ற கவலை எனக்கு. நாங்கள் விதைநெல்லை ஊறவைத்து, கோணியில் கட்டி, வைக்கோல் போட்டு மூடுவோம். சூடு பிடித்தால்தான் முளை கட்டும். அதே நினைப்பில், கண்ணாடிச் சாமான் பெட்டியிலிருந்த வைக்கோலை எடுத்துப் புட்டியைப் பொதிந்து, தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மத்தியானம் மூடி தெறித்துவிட்டது. அறை முழுக்க அமோனியா. கண் எரிந்தது, உள்ளே நிற்க முடியவில்லை.

வைக்கோலைப் பார்த்ததும் ஆசிரியைக்குப் புரிந்துவிட்டது. "ஏண்ணே, நாத்தங்கால்ல விடவா போறோம்?" கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "சூடு பட்டா அமோனியா ஓடிப்போயிரும். குளுமையா இருந்தாதான் தங்கும்."

துறைத்தலைவர் வந்து கேட்டபோது நான் குனிந்து வைக்கோலைப் பொறுக்கினேன். "நான் சரியா அடைக்கல சார்" என்றார் ஆசிரியை. அந்தச் சொல்லுக்கு அவர் கொடுக்கக்கூடிய விலை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மிச்சமிருந்த அமோனியாப் புட்டியை ஈரச் சாக்கில் சுற்றித் தண்ணீர் வாளியில் ஆறவைத்து, அதற்கப்புறம்தான் திறந்தார். இருக்கிற அமோனியாவுக்குத் தக்கபடி எண்ணெயைப் பாதி அளவுதான் எடுத்தார். புதுப் புட்டி மூன்று நாள் ஈரச் சாக்குக்குள் இருந்தது. போகிறபோது வருகிறபோது எடுத்துக் குலுக்குவார்.

வியாழக்கிழமை பார்த்தால் எண்ணெய்த் துளி ஒன்றுகூட இல்லை, ஒரே தெளிவாக இருந்தது. அமோனியாவின் காரம் முறிய, ஐஸில் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டார். வெள்ளையாகத் திரண்டது.

"எஸ்டர் உடைஞ்சு பழைய அமிலமே வந்திருக்கும்மா" என்றார் துறைத்தலைவர்.

ஆசிரியை இரண்டு குழாயில் சோடா உப்புக் கரைசல் எடுத்தார். ஒன்றில், அலமாரியிலிருந்த அந்தப் பழைய அமிலத் தூளைப் போட்டார், நுரைத்துப் பொங்கியது. மற்றதில் நம்முடைய வெள்ளைத் தூள். ஒரு குமிழிகூட இல்லை. பிறகு தூளைக் கழுவி உலர்த்தி, உருகும் சூட்டைப் பார்த்தார். புத்தகத்தில் அமைடுக்குப் போட்டிருந்தபடி, நூற்று நாற்பது டிகிரியில் உருகியது.

இத்தனை நாளில் எத்தனையோ படித்தவர்களைப் பார்த்துவிட்டேன். சம்பளம் போகக்கூடிய நேரத்திலும் அப்படி நிதானமாக வேலை பார்த்தவரை இன்னும் பார்க்கவில்லை.

மறுநாள் தேர்வாளர் வந்து, தூளிருந்த குழாயை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். சாயங்காலம் துறைத்தலைவர் நீட்டிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார்.