மூன்றில் ஒரு பங்கு

திருச்சியில் விசாரணைக் கைதியாக இருந்தபோது, எங்கள் பிளாக்கில் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். புதுச் சட்டம் வந்ததும் கூட்டம் குறையத் தொடங்கியது. அதன்படி, இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவன், தன் வழக்குக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்திருந்தால் ஜாமீனில் போகலாம். ஏற்கெனவே தண்டனை பெற்றவன் பாதி கழிக்க வேண்டும்.

நான் பாதி ஆள். ஸ்ரீரங்கம் படித்துறையில் செல்போன் எடுத்த இந்த வழக்கு உண்மை. பழைய வழக்குதான் பொய். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். சொல்லாமல் வேறு ஊருக்குப் போய்விட்டேன் என்ற ஆத்திரத்தில், வெல்டிங் மெஷினைத் திருடிவிட்டேன் என்று முதலாளி புகார் கொடுத்தார். "ஒத்துக்கிட்டா இதுவரை உள்ள இருந்த நாளோட விட்டுடுவாங்க" என்றார் வக்கீல். ஒத்துக்கொண்டேன்.

அதே முதலாளி, திருட்டுச் சாமான் வாங்கிய வழக்கில் எங்கள் பிளாக்குக்கே வந்தார். ஜாமீன் கொடுக்க அவர் தம்பிகள்கூட வரவில்லை. தாடியோடு இருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

ஏழாவது வரை படித்திருந்ததால் மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். மூன்று வருட வழக்கில் ஒரு வருடம் முடிந்ததும் அவரும் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும் தம்பி. நீங்களே எழுதிடுங்க."

"முன்னாடி தண்டனை ஏதாவது வாங்கியிருக்கீங்களாண்ணே?"

"சேச்சே! என்னைப் பாத்தா திருட்டுப் பய மாதிரியா இருக்கு?"

விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு எதிரே ‘ஆம்’ என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஜாமீன் பட்டியல் வந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள்கூடப் போனார்கள்.

"என் பேரு மட்டும் வரலையே தம்பி?"

"வரும்ணே. அவசரப்படாதீங்க."

அவருக்குச் சோறு இறங்கவில்லை. நான் நன்றாகச் சாப்பிட்டேன். பிளாக்கில் காலை நீட்ட இடம் கிடைத்திருந்தது. அவருக்கு எதிரிலேயே நீட்டினேன்.

பழைய பதிவுகளைப் பார்த்துத் தவறைத் திருத்த ஐந்து வாரம் ஆனது. புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெளிய வந்ததும் அரியமங்கலம் வாங்க. நம்ம பட்டறையில வேலை தரேன்."

"அங்க வேலை பாத்தவன்தாண்ணே. உங்க வெல்டிங் மெஷினைத் திருடுனேனே, ஞாபகமில்ல?"

என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பார்த்தார். கையை விட்டார். வாசலிலிருந்து வார்டர் அவர் பெயரை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

என் பாதி முடிய இன்னும் நான்கு மாதம் பாக்கி இருந்தது. அவருக்கு ஐந்து வாரம் போதாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.