அந்தோணியம்மாவின் இரண்டு குரல்கள்

1936 மார்ச் 12, வியாழன். ஐந்தரைக்கு எழுந்தேன். ஒன்பதரைக்கு வகுப்பில் பெயர் கூப்பிட்டேன். பல நாளாக வராத மேரிக்காகப் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி “பிரசெண்ட் டீச்சர்” என்றாள். இன்றும் வராவிட்டால் மேரியின் பெயரை அடித்துவிட வேண்டும். ரிஜிஸ்டரில் அவள் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

தெருவில் போன கருவாட்டுக் கூடையின் வாசத்தோடு, நொச்சிக்குப்பத்து மணலில் நான் படித்த, பின்னாளில் கடல் கொண்டுபோன ஓலைக்கொட்டகைப் பள்ளி நினைவில் மிதந்து வந்தது. கீற்றிடுக்கில் சொட்டும் வெயில், பாதத்தடியில் சூடேறும் மணல், அலையோசைக்கு மேலே டீச்சர் பெயர் கூப்பிடும் ராகம்.

“நான் அம்மாகூட மீன் விக்கப் போறேன். எனக்கும் நீயே பிரசெண்ட் சொல்லிடுடீ, இன்னா?” என்பாள் என் தோழி அந்தோணியம்மா. ‘இங்கே இருக்கிறேன்’ என்பதுதான் ‘பிரசெண்ட்’டுக்குப் பொருள் என்று தெரிந்தும், ரிஜிஸ்டரில் அவள் பெயர் நிலைக்க நாள்தோறும் சொன்னேன். ஒருநாள் அவளே வந்திருந்தாள். பழக்கதோஷத்தில் நானும் சொல்லிவிட்டேன்.

டீச்சர் பேனாவை நிறுத்தினார். “இத்தினி நாளா ஒரு அந்தோணியம்மா. இன்னிக்கு ரெண்டா?”

வகுப்பே சிரித்தது. அவள் பெயரை டீச்சர் அடிக்கவில்லை.

வெள்ளி காலை. முதல் வேலையாக, மேரியின் நேற்றைய கட்டத்தில் வந்ததாகக் குறியிட்டு, மை காயும்வரை காத்திருந்தேன்.